கட்டி தூங்கிய ஊர்

தொட்டிக்கரட்டு மகுடேஸ்வரியின் கழுத்துக் கட்டி முதல் குறட்டையை விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ரேஷன் கடை வரிசையில், அவளுக்கு முன்னால் பதினாலு பேரும் பின்னால் இருபது பேரும் நின்றுகொண்டிருந்தபோது. அதனால் பிற்பாடு யாரும் அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாமல் போயிற்று. முப்பத்துநாலு பேர் காதாரக் கேட்டார்கள். எடை போடுகிறவரும் கேட்டார். கேட்ட பதற்றத்தில் அடுத்த மூன்று பேருக்குப் பருப்பைச் சரியான எடைக்குப் போட்டுவிட்டார் என்பதுதான் அன்றைக்கு ஊரில் முதலில் பரவிய அதிசயம். குறட்டை இரண்டாவதாகத்தான் பரவியது.

குறட்டைக்கு முன்னால் அது மென்றது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மகுடேஸ்வரிக்கு நாற்பத்துநாலு வயது. ஜாக்கெட் தைக்கிறவள். வாசலில் வந்து நிற்கிற பெண்ணின் கழுத்தளவை நாடா வைக்காமல் கண்ணாலேயே எடுத்துவிடுகிற கைகாரி. அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு நாள் தன் கழுத்தின் அளவே பிடிபடாமல் போனது. வலது காதுக்குக் கீழே நெல்லிக்காயாக வந்த ஒன்று வைகாசியில் எலுமிச்சையாகி, ஆடி பிறப்பதற்குள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நடக்கவைத்துவிட்டது. அவள் புருஷன் சென்னியப்பன் ஊருக்கெல்லாம் மைக் செட் கட்டுகிறவர். கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக்கூட்டமோ, அவருடைய குழாய் ஒலிபெருக்கி இல்லாமல் தொட்டிக்கரட்டில் எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. அவர்தான் அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். அங்கே டாக்டர் ஃபர்ஸானா என்கிற புற்றுநோய் டாக்டர் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்.

மூன்றாவது தடவை ஏற்றிய நாலாம் நாள் மத்தியானம், அவள் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, காதடியில் யாரோ வறுத்த கடலையை வாய்மூடி மெல்லுகிற சத்தம் கேட்டது. ஊசியை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை. புருஷனைக் கூப்பிட்டுக் காதை வைக்கச் சொன்னாள்.

"ஏம்புள்ள, உள்ள யாரோ சாப்பிடறாங்களாட்டம் இருக்குது" என்றார் சென்னியப்பன்.

"என்னயத்தான் திங்குதாட்ட இருக்குதுங் மாமா."

அடுத்த தடவை போனபோது டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் வைத்து வெகுநேரம் கேட்டார். அவர் ஆச்சரியப்படவில்லை. நோயாளி சொல்லுவதைக் கேட்கவே நேரமில்லாத ஆஸ்பத்திரியில் நோய் சொல்லுவதைக் கேட்கிற டாக்டராக இருந்தார், அவ்வளவுதான்.

"உங்களத் திங்கலைம்மா. தன்னையே தின்னுக்கிட்டிருக்கு."

"தன்னையேவா?"

"மருந்து அதுக்குச் சோறு தண்ணி போற வழியெல்லாம் அடைக்குது. பட்டினி வந்ததும் அது என்ன பண்ணுதுன்னா, தன் வீட்டுக்குள்ள இருக்கிற ஒடஞ்ச நாற்காலி, பழைய கட்டில், உதவாத கதவுன்னு ஒவ்வொண்ணா தின்னு உயிரைப் பிடிச்சு வச்சுக்குது. எல்லாச் செல்லுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. நல்ல செல் குப்பை சேராம இருக்கறதுக்குப் பண்ணும். இது பிழைச்சுக் கெடக்கறதுக்குப் பண்ணுது."

"கெட்டிக்காரக் கட்டிங் டாக்டர்" என்றார் சென்னியப்பன். மச்சினன் பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி ஒரு குரல் அது.

மகுடேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் தின்னு தீத்துப்போட்டா?" என்று கேட்டாள்.

"தீந்துட்டா செத்துரும். தீராமப் பாத்துக்கறதுதான் அதோட சாமர்த்தியம்."

ஆறு தடவை மருந்து ஏற்றி முடித்தபோது எலுமிச்சை மறுபடி நெல்லிக்காயாகி, நெல்லிக்காய் மொச்சைக்கொட்டையாகி, மெல்லுகிற சத்தமும் நின்றுபோயிருந்தது. சென்னியப்பன் கரட்டு முருகனுக்கு நூற்றியெட்டுத் தேங்காய் உடைத்து, அதை மைக்கில் எண்ணியும் சொன்னார். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் ரேஷன் கடை வரிசையில் குறட்டை கேட்டது. சின்னக் குறட்டை இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அரசு அலுவலகத்தில் கேட்கிற, நீண்டு இழுத்து, நடுவில் ஒரு கணம் நின்று, நின்றதே என்று நாம் நிம்மதியடையும்போது மறுபடி புறப்படுகிற குறட்டை.

டாக்டர் போனில் சொன்னார்: "கிழடு தட்டியிருச்சும்மா. சாகவும் இல்ல, பெருகவும் இல்ல. சில செல்லுங்க மருந்துக்குத் தப்பிச்சு இப்படி உக்காந்து தூங்கிரும். எப்பவாவது ஒண்ணு ரெண்டு முழிச்சுக்கிட்டா மறுபடி பெருக வாய்ப்பிருக்கு. அதனால கவனமா இருக்கணும்."

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்ட சென்னியப்பன் இதில் இரண்டே சொல்லை எடுத்துக்கொண்டார்: தூங்குகிறது, முழித்துக்கொண்டால் ஆபத்து. மைக் செட்காரர் வாயிலிருந்து ஒரு சேதி ஊருக்குப் போக எவ்வளவு நேரமாகும்? பொழுது சாய்வதற்குள் தொட்டிக்கரட்டில் எல்லோரும் கிசுகிசுக் குரலில் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

நாச்சிமுத்து என்று ஒருவர் இருந்தார். பேரூராட்சியின் முன்னாள் துணைத்தலைவர். போன தேர்தலில் தோற்றதிலிருந்து தலைமை தாங்குவதற்கு ஒரு கூட்டம்கூட அமையாமல் இளைத்துப்போயிருந்தவர். மறுநாள் காலையில் வெள்ளை வேட்டி உடுத்திப் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு மகுடேஸ்வரி வீட்டுக்கு வந்தார். வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், தரையில் தேய்ந்தால் சத்தம் வரும் என்று.

"அம்மணி, நீ ஒண்ணுக்கும் கவலப்படாத. உன்ற கட்டி இனி உன்ற கட்டியில்ல. ஊர்க் கட்டி. அது தூங்கறதுக்கு நாங்க பொறுப்பு."

"கட்டிக்குக் காது கெடையாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களுங்."

நாச்சிமுத்து பரிதாபமாகச் சிரித்தார். "கொறட்ட உடறதுக்கு மூக்கு இருக்கறப்போ, காது மட்டும் இல்லாம போயிருமா? டாக்டரம்மாளுக்குப் படிப்புத்தானுங் இருக்குது."

பதினோரு பேரும் சத்தமில்லாமல் கைதட்டினார்கள். கட்டி உறக்கப் பாதுகாப்புக் குழு அப்படித்தான் பிறந்தது.

அதற்குப் பிறகு தொட்டிக்கரட்டில் நடந்ததெல்லாம் நல்லதுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. கோயில் மணியின் நாக்குக்குத் துணி சுற்றினார்கள். பள்ளிவாசலும் சர்ச்சும் கேட்கப்படுவதற்கு முன்பே ஒலியைக் குறைத்துக்கொண்டன. முப்பது வருஷமாக மூன்று கலெக்டர்கள் பேசித் தீராத சங்கதி ஒரு மொச்சைக்கொட்டைக்காகத் தீர்ந்தது. பஸ்கள் ஊர் எல்லையில் ஹாரனை மறந்தன. கல்யாணங்களில் நாதஸ்வரக்காரர்கள் வாத்தியத்தை வாயில் வைத்து ஊதுவதுபோல் கன்னத்தை மட்டும் உப்பிக் காட்ட, தாலி கட்டுகிற நேரத்தை வீடியோக்காரர் கைக்குட்டை அசைத்துச் சொன்னார். புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் சிலேட்டில் நடந்தன. எழுதி அழித்து எழுதி அழித்துக் கை வலித்தே பாதிச் சண்டை சமாதானமாயிற்று. பத்தாம் வகுப்பில் என்றைக்கும் இல்லாத தேர்ச்சி வந்தது; பாடம் நடத்துகிறவர்களின் சத்தம் இல்லாததால்தான் படிக்க முடிந்தது என்று பிள்ளைகளே சொன்னார்கள். ஒலிபெருக்கியெல்லாம் முடங்கிப்போக, ஊரில் ஒன்றுக்கு மட்டும் குழு அனுமதி கொடுத்தது. சென்னியப்பன் அதை ஒரு ஆட்டோவில் கட்டிக்கொண்டு, காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும், "அமைதி! அமைதி! கட்டி தூங்குகிறது!" என்று ஜன்னல் கண்ணாடிகள் அதிரத் தெருத்தெருவாக அறிவித்துக்கொண்டு போனார். அதற்கு மட்டும் கட்டி முழித்துக்கொள்ளாது என்பதைக் குழு தீர்மானமாகவே நிறைவேற்றியிருந்தது.

குறட்டை கேட்க வெளியூரிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்களை வரிசையில் விட்டு, மகுடேஸ்வரியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கவாட்டாக உட்காரவைத்து, ஆளுக்கு மூன்று குறட்டை என்று அளவு வைத்தார்கள். ஒரு டி.வி. சேனலில் நாலு பேர் உட்கார்ந்து அந்தக் குறட்டை ஆளுங்கட்சிக்குச் சாதகமா எதிர்க்கட்சிக்குச் சாதகமா என்று கிசுகிசுத்து விவாதித்தார்கள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முதல் வாரமே அவளுடைய தையல் மெஷினைக் குழுவினர் வந்து, மிகுந்த மரியாதையோடு, மெத்தையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். பதிலுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அந்தத் துணியில் ஒரு ஜாக்கெட்கூடத் தைக்க முடியாது என்று விரலால் தடவிப்பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பேரூராட்சிக் கூட்டங்களும் கிசுகிசுவென்று நடந்தன. என்ன தீர்மானம் படிக்கப்படுகிறது என்று அடுத்த நாற்காலிக்கும் கேட்காததால் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது. வந்து பார்த்த பெரிய அதிகாரி ஒருவர், இதை மற்ற ஊர்களுக்கும் விரிவுபடுத்த முடியுமா, ஊருக்கு ஒரு கட்டி கிடைக்குமா என்று ஆர்வமாக விசாரித்துவிட்டுப் போனார்.

ஐப்பசி மாதத்தில் வடக்குத் தெருவுக்குப் பதினேழு நாளாகக் குடிதண்ணீர் வரவில்லை. எட்டுப் பெண்கள் வெறுங்குடத்தோடு பேரூராட்சி அலுவலகத்துக்குப் புறப்பட்டார்கள். மகுடேஸ்வரியின் ஜன்னலுக்கு நேர் எதிரே நாச்சிமுத்து அவர்களை மறித்துக்கொண்டு உதட்டில் விரல் வைத்தார்.

"கொடத்தத் தட்டக்கூடாதுங் அம்மணிகளா. கோசம் போடக்கூடாது. அங்க பாருங், நம்மூட்டுப் புள்ள ஒண்ணு உசுரக் கையில புடிச்சுட்டு உக்காந்திருக்குது. கட்டி முழிச்சுக்கிட்டா அந்தப் பாவம் யாருக்கு?"

முன்னால் நின்ற தைலம்மாள் என்கிற பெண் ஜன்னலைப் பார்த்தாள். மகுடேஸ்வரியிடம் வருஷக்கணக்காக ஜாக்கெட் தைத்துக்கொள்கிறவள் அவள். கோபமாகப் பார்த்திருந்தால் மகுடேஸ்வரிக்குத் தாங்கியிருக்கும். தைலம்மாள் இரக்கமாகப் பார்த்தாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிச் சத்தம் வராமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். மற்ற ஏழு பேரும் பின்னாலேயே போனார்கள். கழுத்தில் கட்டி நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. முதல் தடவையாக மகுடேஸ்வரிக்கு அதன்மேல் பயம் போய் ஆத்திரம் வந்தது.

அந்த வாரமே அவளுக்குத் தாடை வீங்க ஆரம்பித்தது. காதடி அரித்தது. தோள்பட்டை நெருப்பாகக் காந்தியது. குழுவைக் கேட்காமல், புருஷனிடம் மட்டும் சொல்லிவிட்டு, கோயமுத்தூர் பஸ் ஏறினாள். சென்னியப்பனும் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே வந்து ஏறிக்கொண்டார்.

"தூங்கற மாதிரிதான் இருக்கும்" என்றார் டாக்டர் ஃபர்ஸானா, வீக்கத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டே. "ஆனா சும்மா தூங்காது. எச்சில் வடிச்சுக்கிட்டே இருக்கும். அந்த எச்சில் படற இடமெல்லாம் பக்கத்துல இருக்கிற நல்ல செல்லுங்க வீங்கும், புண்ணாகும், அதுங்களும் கெட்டுப்போக ஆரம்பிக்கும். ஒரு வேலையும் செய்யாது, எடத்தையும் காலி பண்ணாது, அக்கம்பக்கத்தையும் நிம்மதியா இருக்க விடாது."

"எங்கூர்ல அப்படிப் பதினோரு பேரு இருக்காங்க டாக்டர்" என்றாள் மகுடேஸ்வரி.

டாக்டர் சிரிக்கவில்லை, குறிப்பேட்டில் எதையோ எழுதினார். "ஒரு வழி இருக்கு. நிச்சயமான வழின்னு சொல்ல மாட்டேன், ஆராய்ச்சியாத்தான் பண்ணிப் பாக்கறோம். ரெண்டு மருந்து. ஒண்ணு, அது தன்னைத் தானே தின்னு பிழைக்கிற வேலையைத் தடுக்கறதுக்கு. இன்னொண்ணு, கிழடு தட்டி உக்காந்திருக்கிறதை முடிக்கறதுக்கு. வீக்கத்துக்கு இன்னைக்கே வார்டுல சேந்துக்குங்க. இந்த மருந்துக்கு நீங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்."

சேதி எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. எப்படியோ என்ன, சென்னியப்பன்தான் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். மறுநாள் இரண்டு வேன்கள் ஹாரன் அடிக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றன. நாச்சிமுத்து ஊர்ப் பொதுமக்கள் முன்னூறு பேர் ஒப்பமிட்ட மனுவோடும் குழுவின் பதினோரு பேரோடும் வார்டுக்குள் வந்தார்.

"அம்மணி, பத்து மாசமா ஒரு அடிதடி உண்டா ஊர்ல? ஒரு மறியல் உண்டா? அடுத்த மாசம் அமைதிக்கான விருது குடுக்கறதுக்கு மந்திரி வர்றாரு. இந்த நேரத்துல நீ அதைக் கொல்லறேங்கிறியே. உனக்கு அது என்ன தொந்தரவு குடுத்துது?"

அவள் வீங்கிய தாடையைக் காட்டினாள்.

"வீக்கந்தான? விருது வாங்கிப்போட்டு வைத்தியம் பாத்துக்கலாம்."

அவள் புருஷனைப் பார்த்தாள். சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கொஞ்சம் யோசிக்கலாம்புள்ள. இத்தன வருசமா ஊரு என்னய மைக் செட்டு, மைக் செட்டுன்னுதான் கூப்பிட்டுது. இப்பத்தான் அண்ணாங்கறாங்க."

மகுடேஸ்வரிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு இவ்வளவு சின்ன ஆசை இருந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் இருந்தது.

"இது என்ற கழுத்துங் மாமா" என்றாள். பேனாவை வாங்கி, காகிதத்தை முழங்காலில் வைத்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். மனு கொண்டுவந்த பதினோரு பேரும் மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம்தான் அந்தக் குழு தன் வாழ்நாளில் போட்ட மிகப் பெரிய சத்தம்.

மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாள் குறட்டை நின்றது. மூன்றாம் நாள் விடிந்ததும் கட்டி அழுதது. தொட்டிலில் கிடக்கிற பிள்ளை பசிக்கு அழுகிற அழுகை. முதலில் சிணுங்கி, பிறகு வீறிட்டு, பிறகு தொண்டை கட்டி, விட்டு விட்டுத் தேம்புகிற அழுகை. மெல்லுவதற்கு வாயைத் திறக்கிறது, மெல்ல முடியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பக்கத்துக் கட்டில் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நர்சுகள் அந்தப் பக்கம் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். ஊரிலிருந்து ஆட்கள் பாயசமும் பாலும் கொண்டுவந்து, "ஒரு வாய் குடுங்க, பச்ச உசுரு" என்று கெஞ்சினார்கள். பத்து மாதத்தில் மகுடேஸ்வரியைச் சாப்பிட்டாயா என்று கேட்காதவர்கள் அவர்கள்.

ஐந்தாம் நாள் அவளாலேயே முடியவில்லை. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் கட்டிலின் கால்மாட்டில் நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அவள் கழுத்தைத் தடவிக்கொடுத்து, தைக்க வந்த பெண்ணிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"நீயும் என்ற ரத்தந்தான். வெளிய இருந்து வந்தவ இல்லைன்னு எனக்குத் தெரியும். எல்லாச் செல்லும் நேரம் வந்தா செத்துப்போகுதாம், உனக்கு அது ஒண்ணு மட்டும் தெரியாமப் போச்சு. அதுக்கு நான் என்ன சாமி பண்ணறது? நானும் இருக்கோணுமல்ல."

சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குத் தேம்பல் நின்றது. வலது காதில் மின்விசிறியின் சத்தம் கேட்டது. அது அத்தனை நாளும் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "இப்போதைக்கு ஒண்ணும் தெரியலை" என்றார். "இல்லைன்னு சொல்லலைம்மா. தெரியலைன்னு சொல்றேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா வரணும்."

"தெரியலைங்கறதே போதுமுங்" என்றாள்.

வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைப்பதாகச் சொல்லி சென்னியப்பன் இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்குப் போயிருந்தார். அவள் தனியாக பஸ்ஸில் வந்தாள். தொட்டிக்கரட்டு எல்லையிலிருந்தே சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டியிருந்தது. நடுவில் அவளுடைய பழைய ஸ்கேன் படம். மொச்சைக்கொட்டையைச் சுற்றி ஒரு வட்டமும், வட்டத்தைச் சுற்றி ஒளியும் போட்டிருந்தார்கள். உறங்கியே ஊரைக் காத்த உத்தமக் கட்டி. தோற்றம், மறைவு, இரண்டு தேதிகள். கண்ணீரோடு: நாச்சிமுத்து, குழுவினர், பொதுமக்கள். எல்லாப் பெயருக்கும் மேலே பெரிய எழுத்தில், "ஆறாத் துயரில் அண்ணன் சென்னியப்பன்." அவள் பெயர் எங்கேயும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் பந்தல் போட்டு, படத்துக்கு மாலை சாத்தி, ஊரே நின்றுகொண்டிருந்தது. அவள் பஸ் வந்து நிற்கவும் ஐந்து நிமிட மௌன அஞ்சலி தொடங்கவும் சரியாக இருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். தலைகள் குனிந்திருந்ததால் அவள் இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. நாச்சிமுத்துவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் மைக்குக்குப் பின்னால் கண்ணை மூடி நின்றிருந்தார்.

பந்தலை ஒட்டி ஒரு மெஸ் இருந்தது. மகுடேஸ்வரி பையை இறக்கி வைத்துவிட்டு, கை கழுவி, இலை முன்னால் உட்கார்ந்தாள். மெஸ்காரர் நுனிக்காலில் நடந்து வந்து சோறு போட்டு, சாம்பார் ஊற்றி, பொரியல் வைத்து, கடைசியாக ஓர் அப்பளத்தை இலையின் ஓரத்தில் பூப்போல இறக்கினார்.

அவள் அதை எடுத்துக் கடித்தாள்.

பந்தலில் இருந்த அத்தனை தலையும் ஒரே வீச்சில் திரும்பின. நாச்சிமுத்துவின் விரல் தானாகவே உதட்டுக்குப் போனது. தைலம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திப் பார்த்தாள், முடியாமல் கூட்டத்தின் நடுவிலிருந்து வெடித்துச் சிரித்துவிட்டாள். சென்னியப்பன் கண்ணைத் திறந்தார். பெண்டாட்டி சோற்றைப் பிசைவதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மைக்கை நின்றபடியே விட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மெஸ்காரர் குனிந்து அவள் காதோரம் கிசுகிசுத்தார். "இன்னும் ஒரு நிமிசம் பாக்கி இருக்குதுங் அக்கா."

"இருக்கட்டுமுங்" என்றாள் மகுடேஸ்வரி, தெரு முழுக்கக் கேட்கிற குரலில். "எனக்குப் பசிக்குது. அப்பளம் ரெண்டா வைங்."